வெள்ளிக்கிழமைப் பச்சை

ரேணிகுண்டாவில் இறங்கியபோது எனக்கு அரை நித்திரை. தை மாதத்துப் பனி தண்டவாளத்தின் மேல் இறங்கி நின்றது. அப்பால் பட்டறைகள், அதற்கும் அப்பால் மலை என்றார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் சாம்பல் நிறத்தில் ஒரு திரைதான். கூட்டம் ஒரு பக்கமாக நடந்தது, நானும் நடந்தேன். கூட்டம் ஒரு பேருந்தில் ஏறியது, நானும் ஏறினேன். ஜன்னலோரம் இடம் கிடைத்ததும் கண்ணை மூடிவிட்டேன்.

கண்ணைத் திறந்தால் மலையடிவாரச் சோதனைச் சாவடி. நான் போக வேண்டியதோ திருப்பதி நகரத்துக்குள் இருக்கும் ஒரு பயிற்சி நிலையத்துக்கு. ரேணிகுண்டாவில் பெட்டியோடு இறங்குகிற எவரும் சாமி கும்பிடத்தான் வந்திருப்பார்கள் என்பது நடத்துனரின் தீர்மானம். என்னைக் கேட்காமலே மலைக்கு டிக்கெட் கிழித்துக் கையில் திணித்திருந்தார். நானும் பார்க்காமலே வாங்கிக் கைப்பையில் போட்டிருந்தேன். ஆளுக்குப் பாதிப் பிழை.

என் பெட்டியைக் கிளறிய காவல்காரப் பெண் ஒரு சின்னப் போத்தலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். என்ன இது என்று தெலுங்கில் கேட்டாள். எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் என்றேன். பயிற்சிக்கு வருகிறவர்கள் தங்கள் ஊர்த் தண்ணீரில் கொஞ்சம் கொண்டுவர வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். அவள் நம்பவில்லை. அப்படியானால் ஒரு மடக்குக் குடித்துக் காட்டு என்று சைகை செய்தாள். மாட்டேன் என்று தலையாட்டினேன். அவளுடைய புருவம் மேலே போய்விட்டது. சொந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்க மறுக்கும் பெண்ணை அவள் அதுவரை கண்டிருக்கமாட்டாள்.

மொழி தெரியாத இடத்தில் இதை எப்படி விளங்கப்படுத்துவது? நான் யாழ்ப்பாணத்தில் விவசாயப் போதனாசிரியை. எங்கள் செம்மண்ணில் மேலே போடுகிற பசளை, இங்கே உரம் என்கிறார்கள், மழையோடு இறங்கி நேரே கிணற்றுக்குள் போய்விடும். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் அள்ளிக் கொட்டியது இன்றைக்குத் தண்ணீரில் நைட்ரேட்டாக நிற்கிறது, குடிக்க உதவாது. போர்க்காலத்தில் எங்கள் சாவடிகளில் பைகளைக் கிளறித் தேடியதே யூரியாவைத்தான். வெடிமருந்தாகிவிடும் என்று அதைத் தடை செய்திருந்தார்கள். தடை நீங்கியதும் பட்டினி கிடந்தவர்கள் மாதிரி எல்லாரும் போட்டோம். இவ்வளவையும் சைகையில் சொல்ல முடியாது. கடைசியில் ஒரு வயதான அதிகாரி வந்து போத்தலை முகர்ந்து பார்த்தார், என் முகத்தையும் பார்த்தார், பாவம் என்று ஒரு ஆட்டோவில் ஏற்றிவிட்டார்.

ஆட்டோ போகும்போது பனி விலகி மலை வெளியே வந்தது. சிவப்புப் பாறை, அதன் மேல் பச்சை. அவ்வளவு பெரிய பொருள் இவ்வளவு நேரமும் பக்கத்திலேயே இருந்திருக்கிறது. யாழ்ப்பாணத்தில் மலை கிடையாது, பனைதான் எங்களுக்கு உயரம். இந்தப் பயணம் முழுக்க நான் சரியாக விழித்திருக்கவில்லை என்று இப்போது தோன்றுவதற்கு அந்த மலைதான் காரணம். எங்கே நின்று திரும்பினாலும் கனவில் வருவதுபோல ஒரு மூலையில் நின்றுகொண்டிருந்தது.

முதல் காலை உணவு, இட்டலியும் வேர்க்கடலைச் சட்னியும். எங்கள் தேங்காய்ச் சம்பலை நினைத்துக்கொண்டு சந்தேகமாகத் தொட்டேன், பிறகு மூன்று தரம் கேட்டு வாங்கினேன். பரிமாறியவர் என் தமிழைக் கேட்டுவிட்டு, "மேடம் கேரளாவா?" என்றார். யாழ்ப்பாணம் என்றேன். "அது கேரளால எங்க கீது?" என்றார். இந்த மூன்று வாரத்தில் எத்தனை பேர் என்னைக் கேரளாவுக்கு அனுப்பினார்கள் என்று எண்ணுவதை அன்றைக்கே விட்டுவிட்டேன்.

பயிற்சி, நெல்லுக்கு யூரியாவைக் குறைப்பது எப்படி என்பது. சேற்றுக்குள் புதைக்கிற குளிகை யூரியாவைக் காட்டினார்கள். இலையைக் கவ்வி எண் சொல்லும் கருவியைக் காட்டினார்கள். வயலின் பச்சையை வானத்திலிருந்து அளக்கிற டிரோன் ஒன்று பெரும் ஆரவாரத்தோடு எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றி, மாமரத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. அதை இறக்க ஏணி தேடினார்கள். அன்றைய பாடம் அதோடு முடிந்தது.

எனக்குப் பிடித்தது ஒரு பிளாஸ்டிக் அட்டை. ஒரு சாண் நீளம். வாழைக் குருத்தின் வெளிர்ப் பச்சையில் தொடங்கிக் கறிவேப்பிலைப் பச்சை வரைக்கும் நான்கு கட்டங்கள். நெற்பயிரில் நன்றாக விரிந்த மேல் இலையை அதன்மேல் வைத்து, எந்தக் கட்டத்தோடு பொருந்துகிறது என்று பார்க்க வேண்டும். மூன்றுக்குக் கீழே இறங்கினால் பயிருக்குப் பசி, யூரியா போடலாம். மூன்றோ அதற்கு மேலோ என்றால் சும்மா இருக்க வேண்டும். பார்க்கும்போது வெயில் படக்கூடாது, முதுகைச் சூரியனுக்குக் காட்டி நம் நிழலில் இலையை வைக்க வேண்டும். எனக்கு அந்த விதி மிகவும் பிடித்திருந்தது. மத்தியான வகுப்புகளில் கண் சொக்கும்போதெல்லாம் அட்டையை எடுத்து ஜன்னலுக்கு வெளியே தெரிந்த ஒவ்வொன்றுக்கும் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேம்பு நான்கு. மலை, தூரத்தில் சாம்பலாகி, எந்தக் கட்டத்திலும் சேரவில்லை.

முதல் வாரம் வியாழக்கிழமை களப் பயணம். சித்தூர் வரைக்கும் பேருந்து. சந்திரகிரிக் கோட்டையைத் தாண்டியபோது பின் இருக்கையில் இரண்டு பெண்கள் தெலுங்கில் பேசிக்கொண்டு வந்தார்கள். பக்கத்தில் இருந்தவரிடம் அர்த்தம் கேட்டேன். "அவங்க ஊர்ல இப்ப ஆம்பளைங்க ஃபோன்லதான் இருக்காங்களாம்" என்றார். குவைத், துபாய், பெங்களூர், சென்னை. ஒருத்தி இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தாளாம், மற்றவள் சிரிக்கவில்லையாம்.

சித்தூரில் ரெட்டெப்பா மோட்டார் சைக்கிளோடு காத்திருந்தார். பயிற்சி நிலையத்தின் களப் பணியாளர். தாய்மொழி தெலுங்கு, தமிழை அங்கங்கே கிள்ளிப் போட்டுப் பேசுவார். குடிபாலாப் பக்கம் போகும் வழியில் பின் டயர் காற்று இறங்கிவிட்டது. "பயப்படொத்து மேடம், அஞ்சு நிமிஷம்" என்றார். முக்கால் மணி நேரம் ஒரு புளியமரத்தடியில் நின்றோம். கடைப் பலகைகளில் தெலுங்கு, கடைக்குள் தமிழ். வேலூர் போகிற பேருந்துகள் ஒவ்வொன்றாகத் தாண்டிப் போயின. எல்லை எங்கே என்று கேட்டேன். "அக்கடே, அந்தப் பக்கம்" என்று பொதுவாக ஒரு கையை வீசினார்.

அப்படித்தான், நான் பார்க்க வேண்டிய வயலுக்குச் சொந்தக்காரி சரோஜாவிடம் போய்ச் சேர்ந்தோம். நாற்பது வயதிருக்கும், ஒல்லியான ஆள், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வரப்பில் நின்றாள்.

"வாங்க மேடம். வெயில்ல இன்னாத்துக்கு நின்னுக்கினு கீறீங்க? மொதல்ல துன்னுங்க, அப்பால கழனியப் பாக்கலாம்."

கேழ்வரகுக் களி, கீரைக் கடைசல், கடலைச் சட்னி. களியை மெல்லக் கூடாது, உருட்டி விழுங்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தாள். நான் மென்றேன், வாய் ஒட்டிக்கொண்டது. அவளும் அவளுடைய மகள் ரேவதியும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். ரேவதி பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். எட்டு மாதம், சிரிக்கும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"நாங்க கல்யாணம் ஆன புதுசுல அடுத்தவங்க கழனியிலதான் நாத்து நட்டோம்" என்றாள் சரோஜா. "அப்பால கவர்மெண்டு பட்டா குடுத்தாங்க. ஒண்ணேகால் ஏக்கரா. எங்க நைனா அத பாக்காமலே செத்துப் பூட்டாரு." கணவன் முனிரத்தினம் ஏழு வருடமாகக் குவைத்தில். ஒரு பெரிய வீட்டில் தோட்ட வேலை.

பிறகு வயலுக்குப் போனோம். அந்தப் பச்சையை எப்படிச் சொல்வது? நெற்பயிர் இவ்வளவு கறுத்து நான் கண்டதில்லை. காற்று வீசும்போது நீலம் தட்டியது. வரப்பில் நின்று பார்த்தால் கண் குளிர்ந்து, குளிர்ந்து, நித்திரையே வரும்போல இருந்தது. முதுகைச் சூரியனுக்குக் கொடுத்து இலையை அட்டையில் வைத்தேன். நான்காவது கட்டத்தையும் தாண்டிப் போய்விட்டது. பத்து இலை பார்த்தேன். பத்தும் அட்டையில் இல்லாத பச்சை.

"எத்தனை தரம் யூரியா போட்டனீங்கள்?" என்றேன்.

சரோஜா சிரித்தாள். இடுப்பிலிருந்து ஃபோனை எடுத்து என்னிடம் கொடுத்தாள். ஃபோட்டோக்கள். தள்ளத் தள்ள வயல், வயல், வயல். ஒவ்வொன்றும் இதே வரப்பிலிருந்து எடுத்தது. ஒரு மூலையில் மின்கம்பம். நாற்றிலிருந்து கதிர் வரைக்கும், பிறகு மறுபடி நாற்று, மறுபடி கதிர். போகம் போகமாகப் பச்சை கூடிக்கொண்டே வந்தது. நான் தள்ளிக்கொண்டே இருந்தேன்.

"அவுருக்கு வெள்ளிக்கிழமதான் லீவு" என்றாள். "கழனி ஃபோட்டோ அனுப்புன்னுவாரு. மொத வாட்டி அனுப்பனப்ப, இன்னாமே வெளுத்துக் கீதுன்னாரு. ரெண்டு நாளு சோறே எறங்கலயாம். அப்பால நான் சனிக்கெழம சனிக்கெழம ஒரு தாம்பாளம் தூவி உட்டுடுவேன். வெள்ளிக்குள்ள கறுத்துடும். அவுரு பாத்துட்டு, சூப்பர்னு சொல்லிடுவாரு. அது போதும்."

விளைச்சலுக்காக, பக்கத்து வயலோடு போட்டிக்காக அள்ளிப் போடுகிறவர்களை எனக்குத் தெரியும். அவர்களைத் திட்டியே என் தொண்டை கரகரத்துப் போயிருக்கிறது. ஃபோட்டோவுக்காகப் போடுகிறவளை எப்படித் திட்டுவது என்று எந்தப் பயிற்சியிலும் சொல்லித்தரவில்லை.

வயலின் ஓரத்தில் அவர்களுடைய கிணறு. வீட்டுக்குத் தண்ணீர் அதிலிருந்துதான். நைட்ரேட் இருந்தால் நிறம் மாறுகிற சோதனைத் தாளை அதில் நனைத்துவிட்டு ஒரு நிமிடம் காத்திருந்தேன். வெள்ளைத் தாள் ரோஜா நிறமாகி, அதோடு நிற்காமல் கத்தரிப்பூ நிறத்துக்குப் போனது. வகுப்பில் என் வீட்டுப் போத்தலைச் சோதித்தபோது பார்த்த அதே நிறம். ரேவதி எட்டிப் பார்த்து, "கலரு நல்லா கீது" என்றாள்.

அவளை அனுப்பிவிட்டு சரோஜாவிடம் சொன்னேன். பெரியவர்களுக்கு உடனே ஒன்றும் செய்யாது, ஆனால் பிறந்த குழந்தைக்குப் பால்மா கரைக்க இந்தத் தண்ணீர் ஆகாது, ரத்தத்தில் காற்று ஏறாமல் குழந்தை நீலம் பாரிக்கலாம் என்றேன்.

"காச்சித்தான் மேடம் குடுப்போம்."

"காய்ச்சினால் இது குறையாது. தண்ணி வற்றி, இது கூடும்."

இப்போதைக்குக் கேன் தண்ணீர் வாங்குங்கள், கிணறு தெளியப் பல வருடம் ஆகும், ஆனால் தெளிய வேண்டுமென்றால் மேலே இருந்து கொட்டுவது நிற்க வேண்டும் என்றேன். அவள் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தாள். தண்ணீர் கண்ணாடி போலத் தெளிவாக இருந்தது. அதுதான் இந்த வேலையில் பெரிய கஷ்டம்.

"ஒண்ணியும் போடவே வேணாம்ன்றீங்களா?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன், அவசரமாகவே. எங்கள் நாட்டில் ஒருநாள் காலையில் ரசாயனப் பசளையே இனி இல்லை என்று அரசு சொல்லிவிட்டது. அந்தப் போகம் வயல்கள் சோர்ந்து நின்றதையும், என்னைக் கண்டால் கமக்காரர்கள் முகம் திருப்பியதையும் நான் மறக்கவில்லை. ஒரேயடியாக நிறுத்து என்று இனி ஒருவருக்கும் சொல்லமாட்டேன். அட்டை கேட்டால் போடு, கேட்காவிட்டால் போடாதே, அவ்வளவுதான் என்றேன்.

சரோஜா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மூணுல நின்னா போடக்கூடாது. சரி. ஆனா வெள்ளிக்கிழம வருமே மேடம், அவுருகிட்ட இன்னா சொல்லட்டும்?"

உண்மையைச் சொல்லுங்கள் என்றேன். வெளியூர்க்காரிக்கு அப்படிச் சொல்வது சுலபம்.

இரண்டாவது வாரத்தில் ஒருநாள் கங்காதர நெல்லூர்ப் பக்கம் போனோம். கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்தது. வெல்லம் காய்ச்சுகிற இடத்தில் ஆவி மண்டி, மனிதர்கள் இடுப்புக்கு மேலே மட்டும் தெரிந்தார்கள். சூடான பாகில் கொஞ்சம் எடுத்து ஒரு இலையில் விட்டுக் கொடுத்தார்கள். காய்ச்சுகிறவர் ஒரு கொப்பரையைக் காட்டி, இது கட்டியாகாது என்றார் தெலுங்கில். எப்படித் தெரியும் என்று ரெட்டெப்பா மூலம் கேட்டேன். யூரியா தின்ற கரும்பு, பாகு இறுகாது, எவ்வளவு கிண்டினாலும் சேறு மாதிரிதான் நிற்கும் என்றார். யாருடைய கரும்பு என்று கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லவில்லை. கரும்புக்குச் சொந்தக்காரர் பக்கத்திலேயே நின்றார்.

அடுத்த சனிக்கிழமை ரெட்டெப்பா வகுப்புக்கு வெளியே என்னைக் கூப்பிட்டார். முகம் சரியில்லை. "மேடம், அக்கட கொஞ்சம் கொடவ ஆயிடுச்சு" என்றார். கொடவ என்றால் சண்டை.

நடந்தது இதுதான். சரோஜா யூரியா தூவவில்லை. வெள்ளிக்கிழமை வந்தபோது பயிர் ஒரு கட்டம் வெளிறியிருந்தது. பயந்துவிட்டாள். பக்கத்து வயல்காரர் வரதனுடைய பயிர் நல்ல கறுப்பாக நின்றது. அதை எடுத்துக் குவைத்துக்கு அனுப்பிவிட்டாள். ஒரு வயலுக்கும் மற்ற வயலுக்கும் ஃபோட்டோவில் என்ன வித்தியாசம் தெரியும் என்று நினைத்திருக்கிறாள். முனிரத்தினத்துக்குத் தெரிந்தது. மூலையில் மின்கம்பம் இல்லை, வரப்பு வளைகிற இடமும் சரியில்லை. அவன் சரோஜாவைக் கேட்கவில்லை. நேரே வரதனைக் கூப்பிட்டு, என் பெண்டாட்டி கழனியை விற்றுவிட்டாளா என்று கேட்டிருக்கிறான்.

எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு அட்டையைக் கையில் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன், மீதியை அவள் தனியாகச் சுமந்திருக்கிறாள். ஏழு வருடத்தில் அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்தது அந்த ஃபோட்டோ ஒன்றுதான். அதில் நான் கை வைத்திருக்கிறேன்.

கடைசி வெள்ளிக்கிழமை, வகுப்பை விட்டுவிட்டுக் குடிபாலாவுக்குப் போனேன். அன்றைக்கு வீடியோவில் வயலைக் காட்டியே ஆக வேண்டும் என்று முனிரத்தினம் சொல்லியிருந்தான். காட்டாவிட்டால் நிலத்தைத் தன் தம்பியிடம் ஒப்படைத்துவிடப் போவதாகவும் சொல்லியிருந்தான். சரோஜா அதை என்னிடம் சொன்னபோது குரலில் ஒன்றும் இல்லை. கண் மட்டும் வீங்கியிருந்தது.

"தூவிடலாம்னு நேத்து தாம்பாளத்தக் கூட எடுத்துட்டேன் மேடம். ரேவதி வந்து நின்னா. அவ வயித்தப் பாத்துட்டு உள்ள வச்சிட்டேன்."

வயல் மாறியிருந்தது. அந்த நீலம் போய்விட்டது. சாய்ந்த வெயிலில் இளம் பச்சையாக, உள்ளே வெளிச்சம் இருப்பதுபோல நின்றது. பத்து இலை பார்த்தேன். எல்லாம் மூன்றில் வந்து நின்றன. மூன்று, சரியாக மூன்று. எனக்கு உள்ளூர ஒரு துள்ளல். அதைக் காட்டிக்கொள்ளவில்லை.

வரதன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வரப்போரம் வந்தார். "இன்னாமே சரோஜா, பயிருக்கு மஞ்சக்காமால வந்துக்கினு கீதா?" என்றார். என்னைக் கண்டதும், "இல்ல மேடம், சும்மா தமாசுக்கு" என்று சைக்கிளை வேகமாகத் தள்ளினார்.

நாலு மணிக்கு ஃபோன் அடித்தது. திரையில் முனிரத்தினம். நரைத்த மீசை, தொப்பி. அவனுக்குப் பின்னால் ஒரு புல்தரை. எனக்கு முதலில் கண்ணில் பட்டது அவனல்ல, அந்தப் புல்தான். கறுத்து, நீலம் தட்டியிருந்தது, அதன்மேல் தண்ணீர் சுற்றிச் சுற்றித் தெறித்துக்கொண்டிருந்தது. இந்தப் பச்சையை நான் முன்பே பார்த்திருக்கிறேன், இதே வரப்பில், இரண்டு வாரத்துக்கு முன்பு.

"காட்டு" என்றான்.

சரோஜா காட்டினாள்.

"யாரு கழனி இது?"

"நம்பளுதுதான்."

"பொய் பேசாத."

அவள் மின்கம்பத்தைக் காட்டினாள். கிணற்றைக் காட்டினாள். அவன் திரைக்குக் கிட்ட வந்து பார்த்தான். "இன்னாமே இது? வெளுத்துப் போய்க் கெடக்குது. கழனிய பாக்கறதுக்கு உனக்கு இன்னா கேடு?"

நான் குறுக்கே போனேன். போகக்கூடாதுதான். பயிற்சிக்கு வந்தவள் என்று சொல்லி, "அண்ணை, உங்கட புல்லுக்கு எத்தனை நாளைக்கு ஒருக்கா யூரியா போடுவீங்கள்?" என்று கேட்டேன்.

அவன் குழம்பினான். "வாராவாரம் போடணும் மேடம். ஒரு வாரம் உட்டா மொதலாளி மூஞ்சி மாறிடும். எதுக்குக் கேக்கறீங்க?"

"புல் கதிர் விடாது அண்ணை. பச்சையா இருந்தாலே போதும். நெல்லு அப்பிடி இல்லையே."

சரோஜா ஃபோனைத் தன் முகத்துக்கு நேரே பிடித்தாள். "நீ இங்க இருந்தப்ப எத்தினி வாட்டி யூரியா போட்ட?"

"ரெண்டு வாட்டி. எப்பனா மூணு."

"அப்ப பயிரு எந்தக் கலர்ல இருந்திச்சி?"

அவன் திரும்பிப் புல்லைப் பார்த்தான். மறுபடி திரையைப் பார்த்தான். ஏழு வருடம் அந்த ஒரு பச்சையையே பார்த்துப் பார்த்து, தன் வயலின் நிறத்தை மறந்துவிட்ட மனிதனின் முகத்தை நான் அருகில் பார்த்தேன். பாவமாக இருந்தது. விவசாயிதான் அவன், நினைவு வர அதிக நேரம் எடுக்கவில்லை.

"இத்தினி வருஷமா நான் பாத்தது?" என்றான்.

"உனக்குக் காட்டறதுக்குப் போட்டது. எல்லாம் கெணத்துல எறங்கிக்கினு கீது. ரேவதி குழந்தைக்கு அந்தத் தண்ணி ஆவாதாம்."

"வெள்ளிக்கிழமைன்னா எனக்கு இங்க பாக்கறதுக்கு அது ஒண்ணுதான் சரோஜா" என்றான். குரல் இறங்கிவிட்டது.

"பாக்கணும்னா வந்து பாருய்யா" என்றாள் சரோஜா. "ஃபோட்டோவுக்கு நான் இனிமே போட மாட்டேன்."

இணைப்பைத் துண்டித்துவிடுவான் என்று நினைத்தேன். அவளும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும், உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவன் துண்டிக்கவில்லை. அவள் ஃபோனைத் திருப்பி வயலைப் பார்க்கப் பிடித்துக்கொண்டு வரப்பு வழியே நடக்கத் தொடங்கினாள். கிணற்றடி, மோட்டார் பெட்டி, கம்பம், வளைவு என்று மெதுவாக நடந்தாள். நான் பின்னால் போனேன். இளம் பச்சை திரைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. யூரியா என்ற சொல் அதற்குப் பிறகு யார் வாயிலும் வரவில்லை.

பாதி தூரம் போயிருப்போம். "ஏமே" என்றான்.

"இன்னா?"

"கம்பத்துக்கு அந்தாண்ட மூலையில தண்ணி நின்னுக்கினு கீது பாரு. மடைய ஒரு கை தெறந்து உடு. வேரு அழுவிடும்."

இருவரும் பார்த்தோம். உண்மைதான். மற்ற இடமெல்லாம் சேறாக இருக்க, அந்த மூலையில் மட்டும் பயிருக்கு அடியில், கணுக்கால் மூழ்குகிற அளவுக்குத் தேங்கியிருந்தது. அவளும் பார்க்கவில்லை, அட்டையும் கையுமாக அலைந்த நானும் பார்க்கவில்லை.

சரோஜா ஃபோனை என் கையில் கொடுத்தாள். "புடிங்க மேடம்." சேலையைச் செருகிக்கொண்டு, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மூலைக்கு ஓடினாள். நான் திரையை அவள் பக்கம் பிடித்தேன். குவைத்திலிருந்து அவன் சொல்லிக்கொண்டே இருந்தான், இந்தாண்ட, இன்னும் கொஞ்சம், அத்தினி ஆழம் வேணாம் என்று. பிறகு சற்றுத் தயங்கி, "மேடம், கொஞ்சம் கிட்டப் போறீங்களா? சரியா தெரியல" என்றான்.

செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டுச் சேற்றில் இறங்கினேன்.